பழைய இரட்டையுடல் பாய்ப்படகிற்குக் காப்பீடு: வயதை மறைக்காதீர், நிலையை நிறுவுக

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்திலிருந்து கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூர்க் கடற்கரையும் சாலைவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அலையோசை எட்டாத இவ்வூரில் வாழ்வோர்க்குப் படகுக் காப்பீடு எதற்கு என்னும் ஐயம் எழலாம். படகு மிதப்பது கடலில். அதை வாங்கும் பணம் சேர்வதோ வீட்டில். ஒருவர் தம் ஓய்வூதியச் சேமிப்பைக் கொண்டோ, நண்பர் மூவர் தம் பங்குகளை ஒன்றுசேர்த்தோ, பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்க முற்படுவாராயின், பெரும்பாலும் அவர் சந்திக்கும் முதல் தடை விலையன்று, காப்பீடே ஆகும். "படகு மிகப் பழையது, எங்களால் ஏற்க இயலாது" என்னும் ஒற்றை வரி விடையோடு பலர் முயற்சியைக் கைவிடுகின்றனர். சிலர் காப்பீடின்றியே படகைக் கடலில் இறக்குகின்றனர். இரண்டும் தேவையற்றவை. காப்பீட்டு நிறுவனம் எதைக் கண்டு தயங்குகிறது என்பதை அறிந்தால் அத்தயக்கத்தை நீக்கும் வழியும் புலப்படும். பழைய லாரிக்கும் பழைய தறிக்கும் காப்பீடு நாடுவோர்க்கும் இப்பாடத்தின் பெரும்பகுதி பொருந்தும்.

பெயர் நம்முடையது

இரண்டு உடல்களைக் கொண்ட படகை உலகம் 'கேட்டமரன்' என்று அழைக்கிறது. அச்சொல் நம் 'கட்டுமரம்' என்பதன் திரிபே. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இக்கலங்களைக் குறிப்பிட்டுள்ளார். நம் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. இன்று கேட்டமரன் எனப்படுவதோ இரு தனியுடல்களைக் குறுக்கு உத்திரங்களால் இணைத்த படகு. மூன்று உடல்கள் இருப்பின் அதனை 'டிரைமரன்' என்பர். இருவகையிலும் பிணைப்பே உயிர்நிலை.

ஜேம்ஸ் வாரம் என்னும் ஆங்கிலேயர் 1955-56 இல், தாமே கட்டிய 'தங்கரோவா' என்னும் 23 அடிக்குச் சற்று மேற்பட்ட இரட்டையுடல் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து டிரினிடாட் தீவை அடைந்தார். பின்னர் அவர் வரைந்த படகுகளில் பலவற்றின் உத்திரங்கள் கயிற்றாலேயே கட்டப்படுவன. அவருடைய வரைபடங்களை வாங்கி உலகெங்கும் பலர் தம் வீட்டு முற்றத்திலேயே படகு கட்டினர். பழைய படகுச் சந்தையில் இத்தகைய 'வீட்டில் கட்டிய' படகுகளும் தொழிற்சாலையில் ஃபைபர் கிளாஸால் வார்த்த படகுகளும் கலந்தே கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டும்.

நிறுவனம் ஏன் தயங்குகிறது?

காரணங்கள் நான்கு.

முதலாவது, பிணைப்பின் களைப்பு. ஓர் உடல் ஓர் அலையின் மேலும் மற்றோர் உடல் வேறோர் அலையின் மேலும் ஏறும்போது, இரண்டையும் இணைக்கும் உத்திரம் முறுக்கப்படுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல மூட்டுகளில் விரிசல் தோன்றலாம். இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. நைஜல் டெட்லி என்பவர் 'விக்ட்ரஸ்' என்னும் 40 அடி ஒட்டுப்பலகை முவ்வுடல் படகில் 1968 செப்டம்பரில் பிளிமத்திலிருந்து புறப்பட்டு, தனியே உலகைச் சுற்றும் போட்டியில் கலந்துகொண்டார். தென்பெருங்கடல்களைக் கடந்து, தாம் சென்ற பாதையையே மீண்டும் தொட்டு, உலக வட்டத்தையும் முடித்துவிட்டார். ஆயினும் 1969 மே மாதம் அசோர்ஸ் தீவுகளின் அருகே வீசிய புயலில், முன்னரே நலிந்திருந்த படகின் பக்கவுடலின் முன்பகுதி பிரிந்து நடுவுடலைத் துளைத்தது. படகு மூழ்கியது, டெட்லி மீட்கப்பட்டார். படகின் திறனுக்குக் குறைவில்லை. மூட்டுகளின் பொறுமையே தீர்ந்தது.

இரண்டாவது, கவிழ்ந்தால் நிமிராமை. ஒற்றையுடல் பாய்ப்படகின் அடியில் கனத்த எடை இருக்கும். அது சாய்ந்த படகை நிமிர்த்தும். இரட்டையுடல் படகு தன் அகலத்தால் நிலைநிற்பது. எளிதில் சாயாது, ஆனால் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் தானே நிமிராது. அடியெடை இல்லாமையால் பெரும்பாலும் மூழ்காமல் தலைகீழாக மிதக்கும் என்பது உயிர்காக்கும் நன்மை. ஆயினும் இழப்பீட்டுக் கணக்கில் அது பெருஞ்செலவே.

மூன்றாவது, செப்பனிடும் செலவு. உடல் இரண்டு, சுக்கான் இரண்டு, பெரும்பாலும் எந்திரமும் இரண்டு. அகலமான படகைக் கரையேற்றப் பெரிய பாரந்தூக்கியும் இடமும் வேண்டும்.

நான்காவது, ஒப்பிடச் சந்தையின்மை. இந்தியாவில் இத்தகைய படகுகள் குறைவு. ஆகவே மதிப்பை உறுதிசெய்ய முன்விற்பனைகள் எளிதில் கிடைப்பதில்லை.

இந்நான்கையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தெரியும். நிறுவனம் அஞ்சுவது வயதுக்கு அன்று, அறியப்படாத நிலைக்கே. வயதை மாற்ற இயலாது. நிலையை ஆவணத்தால் நிறுவ இயலும். 1985 முதல் 1987 வரை நம் தரைப்படைப் பொறியாளர்கள் உலகைச் சுற்றிவந்த 'திரிஷ்ணா' இங்கிலாந்தில் வாங்கப்பட்ட பழைய படகுதான். அது ஒற்றையுடல் படகாயினும், தக்க முறையில் சீர்செய்யப்பட்ட பழைய கலம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்டுகிறது.

முதற்படி: ஆய்வறிக்கை

காப்பீட்டு நிறுவனத்தை அணுகுமுன் படகைக் கரையேற்றி, தகுதிவாய்ந்த கடற்கல ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்விக்க வேண்டும். படகு நீரில் மிதக்கும்போது எழுதப்படும் அறிக்கை பாதி அறிக்கையே. விற்பவரின் ஆய்வாளரை விடுத்து, வாங்குபவர் தாமே ஒருவரை அமர்த்துவது நலம். அறிக்கையில் கீழ்க்கண்டவை இடம்பெற வேண்டும்.

1. குறுக்கு உத்திரங்களும் அவை உடலோடு சேரும் இடங்களும்: விரிசல், துரு, பழைய செப்பனிடல் தடயங்கள்.
2. உடற்சுவர்: சிறு சுத்தியலால் தட்டிக் கேட்டு, அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்றும், ஈரமானி கொண்டு உள்ளே நீர் ஊறியுள்ளதா என்றும் காணுதல். ஒட்டுப்பலகைப் படகாயின் உளுப்பு.
3. பாய்மரமும் அதனைத் தாங்கும் கம்பிவடங்களும்: எந்த ஆண்டு மாற்றப்பட்டன என்பதற்குரிய ரசீதுடன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வடங்களை மாற்றுமாறு நிறுவனங்கள் கேட்பது வழக்கம்.
4. நீர்மட்டத்திற்குக் கீழுள்ள துளைகள், அடைப்பான்கள், சுக்கான்கள்.
5. மின்கம்பி அமைப்பு, சமையல் எரிவாயு, எந்திரம், தீயணைப்புக் கருவிகள், நீர் இறைக்கும் பம்புகள்.
6. இன்றைய சந்தை மதிப்பும், அதே வகைப் புதுப்படகின் விலையும்.

ஆய்வாளர் "உடனே செய்ய வேண்டியவை" என்று ஒரு பட்டியல் தருவார். அப்பட்டியலைக் கண்டு மனந்தளர வேண்டா. அவற்றைச் செய்து முடித்து, ரசீதுகளையும் நிழற்படங்களையும் இணைத்து விண்ணப்பிப்பதே நிறுவனத்தின் நம்பிக்கையைப் பெறும் நேர்வழி. படகின் விலை பேசும்போதும் அப்பட்டியல் வாங்குபவருக்கு வலிமை சேர்க்கும்.

எத்தொகைக்குக் காப்பீடு செய்வது?

இருசக்கர வாகனக் காப்பீட்டில் 'ஐடிவி' என்னும் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதை வாசகர் அறிவர். வாகனம் ஐந்து ஆண்டைக் கடந்தபின் அம்மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்வர். படகுக் காப்பீட்டில் இப்பேச்சு முதல் நாளிலேயே தொடங்குகிறது.

1963 ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் பாலிசிகளை இருவகையாகப் பிரிக்கிறது. மதிப்பு குறிக்கப்பட்ட பாலிசியில் இருதரப்பும் ஒப்புக்கொண்ட தொகை பத்திரத்திலேயே எழுதப்படும்; முழு இழப்பு நேரின், மோசடி இல்லாதவரை, அத்தொகையே இறுதி. மதிப்பு குறிக்கப்படாத பாலிசியில் இழப்பு நேர்ந்த பின்னரே மதிப்பு நிறுவப்படும். பழைய படகிற்கு முதல்வகையே பாதுகாப்பானது. ஏனெனில், சந்தை மெலிந்த பொருளின் மதிப்பைப் பின்னால் நிறுவுவது வழக்காகவே முடியும்.

பிரீமியத்தைக் குறைக்க வேண்டி மதிப்பைக் குறைத்துக் கூறுவோர் உளர். அதன் விளைவைக் கணக்கில் காண்போம். மதிப்பு குறிக்கப்படாத பாலிசி ஒன்றில் படகின் மெய்ம்மதிப்பு 20 லட்சம் ரூபாய். காப்பீடு செய்ததோ 12 லட்சம். புயலில் 5 லட்ச ரூபாய்ச் சேதம் நேர்கிறது. காப்பீடு செய்யாத 8 லட்சத்திற்கு உரிமையாளர் தாமே காப்பீட்டாளர் என்று சட்டம் கருதும். ஆகவே 5 லட்சத்தில் இருபதில் பன்னிரண்டு பங்கு, அதாவது 3 லட்சமே கிடைக்கும். எஞ்சிய 2 லட்சம் உரிமையாளர் தலையில் விழும். அதற்கு மேல், அவர் ஏற்பதாக ஒப்புக்கொண்ட கழிவுத்தொகையும் கழியும்.

பாய்களுக்கும் கயிறுகளுக்கும் மற்றொரு கழிவு உண்டு. உலகெங்கும் வழங்கும் 1985 ஆம் ஆண்டின் இன்ஸ்டிட்யூட் யாட் கிளாஸஸ் என்னும் விதித்தொகுப்பு, பழையதற்குப் பதில் புதியது வாங்கும்போது பாய், ஓடுகயிறு முதலியவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிக்க இடமளிக்கிறது. 1,80,000 ரூபாய்ப் பாய் கிழிந்தால் 60,000 ரூபாய் வரை கழிந்து, 1,20,000 ரூபாயே வரக்கூடும். இதனை முன்னறிந்து ஒரு தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

மறைத்தால் பத்திரம் வெறுந்தாள்

அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு, கடல்சார் காப்பீடு முழுமையான நன்னம்பிக்கையின் மேல் எழுந்த ஒப்பந்தம் என்கிறது. 20 ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரிந்த முக்கிய உண்மைகள் அனைத்தையும் ஒப்பந்தம் முடியுமுன் காப்பீடு பெறுவோர் தாமே தெரிவிக்க வேண்டும். "அவர்கள் கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை" என்னும் விடை இங்குச் செல்லாது. கட்டிய ஆண்டு, வீட்டில் கட்டியதா என்பது, முன்னர் நேர்ந்த விபத்து, வேறொரு நிறுவனம் மறுத்தது ஆகிய அனைத்தையும் எழுத்தில் தருக. உண்மை உரைத்தால் பிரீமியம் சற்று உயரலாம். மறைத்தால் இழப்பு நேரும் நாளில் பாலிசியே இல்லாமற் போகலாம்.

நிபந்தனைகளையும் இவ்விடத்தே அறிய வேண்டும். 35 ஆம் பிரிவின்படி, 'வாரன்ட்டி' எனப்படும் உறுதிமொழி எழுத்துப்படியே காக்கப்பட வேண்டும். மீறினால், மீறிய நாளிலிருந்து நிறுவனத்தின் பொறுப்பு நீங்கும். அவ்வுறுதிமொழி நேர்ந்த இழப்போடு தொடர்புடையதா என்று பார்ப்பதில்லை. இங்கிலாந்து 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இக்கடுமையைத் தளர்த்தியது. நம் 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இப்பிரிவோ பழைய கடுமையோடே எழுதப்பட்டுள்ளது. "பருவமழைக் காலத்தில் படகு கரையில் இருக்கும்", "கரையிலிருந்து இத்தனை கடல்மைலுக்கு அப்பால் செல்லாது", "இருவர் இன்றிப் புறப்படாது" என்பன போன்றவற்றைக் காக்க இயலுமா என்று எண்ணியபின் கையெழுத்திடுக. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக்கும், கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயற்காலத்திற்கும் தனி நிபந்தனைகள் இருக்கக்கூடும். 2016 டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலை நினைவுகூர்ந்தால் அதன் நியாயம் விளங்கும்.

காப்பீடு எதற்குப் பொறுப்பேற்காது என்பதையும் சட்டம் கூறுகிறது. பாலிசியில் வேறுவிதமாக எழுதப்பட்டாலன்றி, 55 ஆம் பிரிவு வழக்கமான தேய்மானத்தையும் இயல்பான கசிவையும் பொருளின் உள்ளார்ந்த குறையையும் விலக்குகிறது. 41 ஆம் பிரிவின்படி, கலம் கடலுக்குத் தகுதியற்றது என்று அறிந்தே உரிமையாளர் அனுப்பினால், அத்தகுதியின்மையால் நேரும் இழப்பு அவரையே சாரும். துருப்பிடித்த வடத்தைக் காப்பீடு மாற்றித் தராது. அதைப் பராமரிப்பது உரிமையாளர் கடமை.

எங்கே தேடுவது?

நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா ஆகிய பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் உள்ளன. கிளையின் முகப்பில் கேட்பதினும் அந்நிறுவனங்களின் கடல்சார் காப்பீட்டுப் பிரிவை எழுத்தில் அணுகுவது பயன்தரும். ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற தரகர் வழியாகவும் செல்லலாம். முகவர் நிறுவனத்தின் சார்பில் பேசுபவர். தரகர் வாடிக்கையாளர் சார்பில் பேசுபவர். பழைய படகு போன்ற அரிய பொருளுக்கு இவ்வேறுபாடு பெரிது.

வெளிநாட்டு நிறுவனம் குறைந்த பிரீமியத்தில் தருகிறதே என்று அவசரப்படலாகாது. 1938 ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், இந்தியாவிலுள்ள சொத்தையும் இந்தியாவில் பதிவுபெற்ற கலத்தையும் ஐஆர்டிஏஐயின் முன்னனுமதியின்றி வெளிநாட்டுக் காப்பீட்டாளரிடம் காப்பீடு செய்வதைத் தடுக்கிறது. மீனவர் கலங்களுக்கு அரசு வழங்கும் பிரீமிய உதவியும் மீன்பிடித் தொழிலுக்கே உரியது. பொழுதுபோக்குப் படகிற்கு அதை நாடுதல் முறையன்று.

முழுக்காப்பீடு எங்கும் கிடைக்காவிடின் மூன்று மாற்றுவழிகளைக் கேட்டுப் பாருங்கள். முழு இழப்பிற்கு மட்டுமான காப்பீடு ஒன்று. பிறர்க்கு நேரும் சேதத்திற்கான பொறுப்புக் காப்பீடு மற்றொன்று. படகு கரையிலும் துறையிலும் இருக்கும் காலத்திற்கு மட்டுமான காப்பீடு மூன்றாவது. இவற்றுள் பிறர்க்கான பொறுப்புக் காப்பீட்டை எக்காரணத்தாலும் விடலாகாது. தம் படகு போனால் போட்ட முதல் போகும். பிறருடைய உயிருக்கோ கலத்திற்கோ ஊறு நேர்ந்தால் வீடும் வைப்பும் வழக்கில் சிக்கும்.

வாங்கும் நாளில்

பழைய ஸ்கூட்டர் வாங்கினால் அதன் மூன்றாம் நபர்க் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். படகிற்கு அவ்விதி இல்லை. கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, படகு கைமாறினால் பாலிசி உரிமை, அதற்கென உடன்பாடு இருந்தாலன்றி, தானே கைமாறாது. விற்பவர் தம் பாலிசியைக் காட்டி "இன்னும் ஆறு மாதம் உள்ளது" என்று கூறினாலும் அது வாங்குபவருக்குக் காப்பாகாது.

காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்படாமல் நிறுவனம் பொறுப்பேற்கலாகாது என்கிறது. ஆதலால் படகின் விலையைச் செலுத்துமுன்னரே பிரீமியத்தைச் செலுத்தி, காப்பு தொடங்கும் நாளையும் நேரத்தையும் எழுத்தில் பெறுக. கூட்டாக வாங்கினால் பங்குதாரர் அனைவர் பெயரும் பாலிசியில் இருக்கட்டும். வங்கிக் கடன் பெற்றிருப்பின் வங்கியின் ஈட்டுரிமையும் பதியப்பட வேண்டும். படகை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் முதற்பயணம் பாலிசியில் அடங்குமா என்று தனியே கேட்பது இன்றியமையாதது.

இழப்பு நேர்ந்தால்

முதற்கடமை உயிர்களைக் காத்தல். அடுத்தது சேதம் பெருகாமல் தடுத்தல். 78 ஆம் பிரிவு, இழப்பைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமான நடவடிக்கை எடுப்பது காப்பீடு பெற்றவரின் கடமை என்கிறது. அதற்கான செலவை மீளப் பெறும் விதி பாலிசியில் உள்ளதா என்று முன்னரே பார்த்து வைக்க வேண்டும். உடனே நிறுவனத்திற்கு எழுத்தில் அறிவித்து, நிழற்படங்கள் எடுத்து, மதிப்பீட்டாளர் பார்க்குமுன் செப்பனிடத் தொடங்காதிருத்தல் நன்று.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறுக. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், தனிநபர் பெயரில் எடுத்த பாலிசிகளுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவருடைய அலுவலகம் ஒன்று பெங்களூரிலேயே உள்ளது. கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் வேண்டா. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க ஆணையிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கையில் இருக்க வேண்டிய கோப்பு

விற்பனைப் பத்திரமும் உரிமைச் சான்றும். சட்டப்படி வேண்டிய பதிவுச் சான்று. கரையேற்றி எழுதப்பட்ட ஆய்வறிக்கை. செய்து முடித்த செப்பனிடல்களின் ரசீதுகள். படகின் உள்ளும் புறமும் எடுத்த நிழற்படங்கள். படகோட்டியின் பயிற்சிச் சான்றும் கடல் அனுபவக் குறிப்பும். படகு நிறுத்தப்படும் துறையின் விவரம். செல்லக் கருதும் கடற்பகுதியும் காலமும்.

இக்கோப்பை ஒரே வடிவில் மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பி, வரும் விடைகளைப் பிரீமியத்தால் மட்டுமன்றி மதிப்பு குறிக்கப்பட்டதா, கழிவுத்தொகை எவ்வளவு, உறுதிமொழிகள் எவை என்னும் மூன்றாலும் ஒப்பிடுக. மூன்று நிறுவனங்களும் மறுத்தால் அம்மறுப்பையும் ஓர் ஆய்வறிக்கையாகவே கருத வேண்டும். அப்படகை வாங்காமல் விடுவது, அதற்கெனச் சேர்த்த பணத்திற்குக் கிடைக்கும் மிக மலிவான காப்பீடாக அமையும்.